மூன்று முறை பட்டி பார்த்தும் திரும்பி வந்த விரிசல்

படுக்கையறைக் கதவின் மேல் மூலையிலிருந்து சீலிங் வரை நேராக ஏறும் ஒரு விரிசல். இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோதே இருந்தது, மயிரிழை அளவுதான். முதல் வருடம் நானே பட்டி வாங்கி நிரப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்தேன். ஏழெட்டு மாதத்தில் அதே இடத்தில், அதே கோட்டில் திரும்பி வந்துவிட்டது. அடுத்த முறை ஒரு பெயிண்டர் செய்தார், அதற்கடுத்த முறை இன்னொருவர். மூன்றாவது தடவையும் திரும்பி வந்தபோது, கதவைச் சாத்தும்போதெல்லாம் அந்தக் கோட்டிலிருந்து மாவு போல வெள்ளைத் தூள் உதிர ஆரம்பித்திருந்தது.

போன வருடம் வீட்டின் உள்வேலை முழுவதையும் ஒரே வீச்சில் முடித்துவிடலாம் என்று இறங்கினோம். பழைய வால்பேப்பரைக் கிழிப்பது, பெயிண்ட், குளியலறையில் டைல்ஸ் மாற்றுவது, பெரிய அறையைத் தடுத்து ஒரு சின்ன அறை எடுப்பது. அவ்வளவுதான் திட்டம், ஐந்து வாரம் என்று கணக்குப் போட்டிருந்தோம். நான்கரை மாதம் ஆனது. உள்சுவர்களும் சீலிங்கும் டிரைவால் என்பதால், முன்பு வேலை செய்தவர்கள் விட்டுப்போன குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. போதாக்குறைக்கு நாங்கள் புதிதாகப் போட்ட சுவரிலும் சில வந்தன. எதை எப்படிக் கண்டுபிடித்தோம், எதைப் பிரித்தோம், எதை அப்படியே விட்டோம் என்று எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இறங்கப் போகிற யாருக்காவது ஒரு சுவரையாவது காப்பாற்றினால் நல்லது.

டிரைவால் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஃபால்ஸ் சீலிங் போடுகிற அதே ஜிப்சம் போர்டுதான். இரண்டு கெட்டித் தாள்களுக்கு நடுவில் ஜிப்சம், வழக்கமாக 12.5 மி.மீ. கனம். மரத்திலோ தகரத்திலோ செங்குத்தாக ஸ்டட் என்கிற கால்களை நிறுத்திச் சட்டம் கட்டி, அதன்மேல் பலகையை ஸ்க்ரூவால் பிடித்து, இணைப்புகளில் டேப் ஒட்டி, பட்டி பூசித் தேய்த்தால் சுவர். நம் கண்ணுக்குத் தெரிவது பட்டியும் பெயிண்டும் மட்டுமே. நிற்க வைப்பது சட்டம், பிடித்து வைப்பது ஸ்க்ரூ, இரண்டு பலகையைச் சேர்த்துக் கட்டுவது டேப். இதில் எது ஆடினாலும் முதலில் வெடிப்பது பட்டிதான், ஏனென்றால் அதற்கு வளையத் தெரியாது. இது அப்போது எனக்குத் தெரியாது. விரிசல் என்றால் பட்டியில் உள்ள கோளாறு என்றே மூன்று வருடம் நினைத்திருக்கிறேன்.

என் மனைவியின் பெரியப்பா முப்பது வருடம் இந்த வேலையே செய்தவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். வீட்டைப் பார்க்க வந்தவர் கதவு மூலையில் நின்று, விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை வைத்து மாறி மாறி அழுத்தினார். ஒரு பக்கம் அசையவே இல்லை. இன்னொரு பக்கம் இரண்டு மி.மீ. உள்ளே போய் வெளியே வந்தது, கண்ணால் பார்த்தேன்.

“மாப்பிள்ளை, பட்டிய விடுங்க. இந்தப் பலகைக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்ல” என்றார்.

“இவ்வளவு நாள் எப்படி மாமா நின்னுச்சு?”

“பெயிண்ட் புடிச்சிக்கிட்டு நின்னுச்சு.”

வெட்டிப் பார்த்தோம். கரண்டை நிறுத்திவிட்டு, கத்தியால் தாளைக் கீறி, சின்ன ரம்பத்தால் ஆழமில்லாமல் அறுத்து எடுத்தோம். அவர் சொன்னதுதான். இரண்டு பலகைகளும் கதவுச் சட்டத்தின் விளிம்புக்கு நேர் மேலே சந்தித்தன. ஒன்று ஸ்டட்டின்மேல் இருந்தது, மற்றதன் விளிம்பு அந்தரத்தில். அடுத்த ஸ்டட் கிட்டத்தட்ட நாற்பது செ.மீ. தள்ளி. இணைப்பில் டேப்பும் கிடையாது, வெறும் பட்டியை அப்பியிருக்கிறார்கள். கதவு ஒவ்வொரு முறை அடிபடும்போதும் அந்த விளிம்பு அதிர்ந்திருக்கிறது.

கதவு, ஜன்னல் மூலைக்கு நேராக இணைப்பு வரவே கூடாது என்பது இந்த வேலையில் முதல் பாடம் என்று அவர் சொன்னார். சுவரில் வரும் அசைவெல்லாம் அந்த மூலையில்தான் சேரும். அதனால் முழுப் பலகையைத் திறப்பின்மேல் கொண்டுபோய், கதவின் அளவுக்கு ‘ட’ போல வெட்டி எடுக்க வேண்டும்; இணைப்பு மூலையைத் தாண்டி வேறு ஸ்டட்டில் விழ வேண்டும். பலகை கொஞ்சம் வீணாகும். அதை மிச்சம் பிடிக்கத்தான் பலரும் மூலையிலேயே இணைத்துவிடுகிறார்கள்.

நாங்கள் அந்த இடத்தில் கதவுக்கு மேலிருந்து அடுத்த ஸ்டட் வரை பழைய பலகையை எடுத்துவிட்டோம். புது விளிம்பு உட்காரும் இடத்தில் எல்லாம் பின்னால் மரச்சட்டம் கொடுத்து ஸ்க்ரூ போட்டோம். ‘ட’ வடிவில் ஒரே துண்டாக வெட்டிப் பொருத்தினோம். இடுக்குகளை, தண்ணீரில் கலந்ததும் தானே இறுகுகிற பொடி வகைப் பட்டியால் நிரப்பி, காகித டேப் ஒட்டி, மூன்று கோட் பட்டி, ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக. வேலை நேரம் என்று பார்த்தால் ஒரு நாள்கூட இல்லை, காய்வதற்குத்தான் நாலு நாள். நான் மூன்று வருடம் செய்ததைவிடக் குறைந்த வேலை.

விரிசலின் வடிவத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். நூல் பிடித்தாற்போல நேராகப் போனால் அது இணைப்பு. டேப் இல்லை, அல்லது டேப் ஒட்டவில்லை, அல்லது பின்னால் தாங்கல் இல்லை. மூலையிலிருந்து சாய்வாகப் போனால் பலகையே கிழிந்திருக்கிறது, அதாவது சட்டமோ கட்டடமோ அசைந்திருக்கிறது. சாய்வு விரிசல் அகலமாகிக்கொண்டே போனால், அல்லது கதவு ஜன்னல்கள் கூடவே இறுக ஆரம்பித்தால், டிரைவால் ஆளைக் கூப்பிடாதீர்கள், கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்தால் அது வளர்கிறதா இல்லையா என்பது சில மாதத்தில் தெரிந்துவிடும்.

அந்த ஒரு மூலையைத் திறந்த பிறகு மற்ற சுவர்களை நம்ப முடியவில்லை. அன்று இரவே விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைச் சுவரை ஒட்டினாற்போல, ஒளி சுவரின்மேல் சாய்வாக விழும்படி பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தோம். பகலில் வழவழப்பாகத் தெரிந்த சுவர் அந்த ஒளியில் வேறு முகம் காட்டியது. ஸ்க்ரூ இருந்த இடமெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளம். இணைப்புகள் வரப்பு மாதிரி மேடாக ஓடின. சில இடத்தில் டேப் உப்பி, நகத்தால் தட்டினால் காலி டப்பா சத்தம். ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டு, நிறம் பிரித்த சின்னக் காகிதங்களை ஒட்டினோம்: அழுத்தினால் அசைவது சிவப்பு, அசையாதது ஆனால் அசிங்கமாக இருப்பது மஞ்சள். இந்தப் பிரிவு பின்னால் ரொம்ப உதவியது. சிவப்பு எல்லாவற்றையும் பிரித்துச் சரிசெய்தாக வேண்டும். மஞ்சளை மேலோட்டமாகச் சரிசெய்யலாம், சிலவற்றை விட்டுவிடக்கூடச் செய்யலாம்.

ஸ்க்ரூ கொப்புளங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் எண்ணிக்கையில் அதுதான் அதிகம். ஒரு சின்னக் காந்தத்தைச் சுவரில் வைத்து நகர்த்தினால் ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப் பார்த்தபோது சுவரில் ஸ்க்ரூவுக்கும் ஸ்க்ரூவுக்கும் இடையே 600 மி.மீ. வரை இடைவெளி இருந்தது. சுவரில் 300 முதல் 400 மி.மீ., சீலிங்கில் 300-க்குள் என்பது பொதுவான அளவு. துல்லியமான எண்ணைப் பலகை தயாரித்தவர்களின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தலையைச் சுரண்டிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. பாதிக்கு மேல் ஸ்க்ரூக்கள் தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருந்தன. ஸ்க்ரூ பலகையைப் பிடிப்பது முன்பக்கத் தாளால்தான், ஜிப்சம் அழுத்தினால் தூளாகிவிடும். தலை தாளின் மட்டத்துக்கு ஒரு துளி கீழே, தாள் கிழியாமல் நிற்க வேண்டும். கிழிந்துவிட்டால் அந்த ஸ்க்ரூ இருந்தும் இல்லாததுதான்.

மரச்சட்டமாக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. ஈரம் காயாத மரத்தில் பலகை அடித்துவிட்டால், மரம் காய்ந்து சுருங்கும்போது பலகைக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே இடைவெளி விழும், ஸ்க்ரூ நின்ற இடத்திலேயே நிற்கும், யாராவது சுவரில் சாய்ந்தால் தலை வெளியே தள்ளும். இதற்குத் தலையை உள்ளே இறுக்கிப் பட்டி போட்டால் போதாது. கொப்புளத்திலிருந்து நாற்பது ஐம்பது மி.மீ. மேலேயும் கீழேயும், பலகையைக் கையால் ஸ்டட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, புதிதாக இரண்டு ஸ்க்ரூ போட வேண்டும். அப்புறம் பழையதைக் கழற்றிவிட்டு ஓட்டையை நிரப்ப வேண்டும். பலகையின் ஓரத்தில் போடும்போது விளிம்பிலிருந்து குறைந்தது 10 மி.மீ. உள்ளே, வெட்டிய விளிம்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே. இல்லையென்றால் ஓரம் நொறுங்கும். இந்த வேலையை நானும் மனைவியும் இரண்டு சனி ஞாயிறுகளில் முடித்தோம். அவள் அழுத்திப் பிடிப்பாள், நான் ஸ்க்ரூ போடுவேன். முன்னூறுக்கு மேல் போட்டோம். ஒரே ஒரு எச்சரிக்கை: சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் ஒயர் போகும், அங்கே நீளமான ஸ்க்ரூ போடாதீர்கள். எங்கள் வீட்டில் பழைய ஸ்க்ரூ ஒன்று ஒயரின் மேலுறையை உரசிக்கொண்டு நின்றதை எலக்ட்ரீஷியன் காட்டினார். பார்த்தபோது கொஞ்சம் நடுங்கிவிட்டேன்.

வால்பேப்பர் கிழித்த சுவரில் வேறு தொல்லை. பலகைக்கு நேரடியாக, நடுவில் பிரைமர் அடிக்காமல் வால்பேப்பர் ஒட்டியிருந்தார்கள். இழுத்ததும் பலகையின் வெள்ளைத் தாளும் சேர்ந்து உரிந்து, அடியில் இருந்த பழுப்புத் தாள் பல இடத்தில் வெளியே வந்தது. நேராக அதன்மேல் பட்டி பூசினேன், அரைமணி நேரத்தில் அந்த இடமெல்லாம் குமிழ் குமிழாக எழும்பியது. பழுப்புத் தாள் பட்டியில் உள்ள தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். தொங்கும் ஓரங்களைக் கத்தியால் வெட்டி எடுத்து, கிழிந்த டிரைவாலுக்கென்றே விற்கும் சீலரை முதலில் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் பட்டி. கடையில் கேட்கும்போது கிழிந்த தாளின்மேல் அடிக்க என்று விளக்கிச் சொல்லிக் கேளுங்கள், சாதாரண தண்ணீர் பிரைமர் மறுபடி குமிழை எழுப்பும்.

சீலிங்தான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. கூடத்தின் சீலிங் அலை அலையாக இருந்தது. இரண்டு மீட்டர் மட்டக்கோலை வைத்துப் பார்த்தால் நடுவில் 14 மி.மீ. தொய்வு. முதலில் மேலே தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஈரப்பத மீட்டர் வைத்துப் பார்த்தோம், கறையும் இல்லை, ஓதமும் இல்லை. மேலே ஏறிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. மரச்சட்டங்களுக்கு இடையே 600 மி.மீ. தூரம், அதில் சாதாரண 12.5 மி.மீ. பலகை, பலகையின் நீளவாக்கு சட்டத்துக்கு இணையாகப் போடப்பட்டிருந்தது, அதற்கும் மேலே கனமான வெப்பத்தடுப்பு விரிப்பு. நீளவாக்கு சட்டத்துக்குக் குறுக்கே போனால்தான் பலகைக்குப் பலம். 600 இடைவெளிக்கு 15 மி.மீ. பலகையோ, தொய்யாத சீலிங் பலகை என்று தனியாக வருவதோ போட்டிருக்க வேண்டும். ஈரக்காற்று உள்ள காலங்களில் பலகை கொஞ்சம் கொஞ்சமாக இளகி இறங்கியிருக்கிறது.

கூடுதலாக ஸ்க்ரூ போட்டு இழுத்துவிடலாம் என்று ஒரு ஆள் சொன்னார். எனக்கும் ஆசைதான், செலவு குறைவு. மாமா ஒப்புக்கொள்ளவில்லை. வளைந்தே பழகிய பலகையை நிமிர்த்த முடியாது, சட்டங்களுக்கு நடுவில் உள்ள தொய்வுக்கு ஸ்க்ரூ போடவும் எதுவும் இல்லை, வலிந்து இழுத்தால் தாள் கிழியும் என்றார். சில இடத்தில் ஸ்க்ரூ தலைகள் ஏற்கெனவே பலகையைத் துளைத்துக்கொண்டு பாதி தூரம் உள்ளே போயிருந்தன. அது ஆபத்தான நிலை. ஒரு முழுப் பலகை ஏறக்குறைய 25 கிலோ இருக்கும், தலைக்கு மேலே. அன்றே அந்தக் கூடத்துக்கு யாரும் போகாமல் அடைத்துவிட்டு, கீழிருந்து குறுக்குக் கட்டை கொடுத்து முட்டு நிறுத்தினோம். பிறகு பழையதை மொத்தமாக இறக்கிவிட்டு, சட்டங்களுக்குக் குறுக்கே 400 மி.மீ.-க்கு ஒன்றாகத் தகர பட்டைகள் அடித்து, அதற்குக் குறுக்கே புதுப் பலகை போட்டோம். உயரம் மூன்று செ.மீ. போலக் குறைந்தது. வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை, எனக்கு மட்டும் தெரியும்.

குளியலறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே யோசிக்க ஒன்றும் இல்லை. ஷவருக்குப் பின்னால் டைல்ஸை எடுத்ததும் அடியில் சாதாரண ஜிப்சம் போர்டு, விரலால் குத்தினால் உள்ளே போனது, பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூசணம். பச்சைத் தாள் போட்ட ஈரம் தாங்கும் பலகைகூட ஈரக்காற்றுக்குத்தான், நேரடியாகத் தண்ணீர் அடிக்கும் இடத்துக்கு அல்ல. ஷவர் சுவருக்கு சிமென்ட் போர்டு, அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு, அப்புறம் டைல்ஸ். ஈரம் குடித்த ஜிப்சம் போர்டைக் காயவைத்துக் காப்பாற்றலாம் என்று பார்க்காதீர்கள், வெட்டி எடுத்துவிடுங்கள். பூசணம் பெரிய பரப்பில் இருந்தால் முகமூடி, கையுறை இல்லாமல் கைவைக்காதீர்கள்.

அதே குளியலறைச் சுவரின் வெளிப்பக்கம், நடைபாதையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு பெயிண்ட் உரிந்துகொண்டே இருந்தது. பலகையைத் தரையில் முட்டும்படி நிறுத்தியிருக்கிறார்கள், தரை ஈரமாகும் ஒவ்வொரு முறையும் திரி எண்ணெய் இழுப்பதைப் போலத் தண்ணீரை மேலே இழுத்திருக்கிறது. தரைக்கும் பலகைக்கும் நடுவே 10 முதல் 12 மி.மீ. இடைவெளி விட வேண்டும். ஸ்கர்டிங் அதை மறைத்துவிடும். கீழே இரண்டு அடி வெட்டி எடுத்து மாற்றினோம்.

இனி நாங்களே ஆள் வைத்துப் போட்ட புதுச் சுவர். இதைச் சொல்வது அவசியம், ஏனென்றால் பழைய குறைகளை எல்லாம் பார்த்த பிறகும் எங்கள் கண்ணெதிரே நடந்தது. ஒப்பந்ததாரர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். சட்டமும் பலகையும் ஒழுங்காகவே வந்தன. ஆனால் அவருக்கு அடுத்த வேலை காத்திருந்தது. மழைக்காலம், காற்றில் ஈரம், முதல் நாள் மாலை டேப்போடு முதல் கோட், மறுநாள் காலையிலேயே இரண்டாவது. காய்கிற வகைப் பட்டிக்கு நல்ல வெயில் காலத்திலேயே கோட்டுக்குக் கோட் ஒரு நாள் வேண்டும், ஈரக்காலத்தில் இரண்டு நாள்கூட ஆகும். அடியில் ஈரம் இருக்கும்போது மேலே பூசினால், அடியில் உள்ளது பிறகு காய்ந்து சுருங்கி, மேலே பள்ளமும் டேப்பின் ஓரத்தில் கோடும் விழும். நிறத்தைப் பார்த்தே சொல்லலாம்: ஈரமான பட்டி சற்று அடர்த்தியாக, சாம்பல் ஓடித் தெரியும், முழுக்கக் காய்ந்தது ஒரே வெள்ளை. அவசரம் என்றால் தண்ணீரில் கலக்கும் பொடி வகை இருக்கிறது, அது காய்வதில்லை, இறுகுகிறது. 20 நிமிடம், 45 நிமிடம், 90 நிமிடம் என்று பையிலேயே போட்டிருக்கும். முதல் கோட்டுக்கு அதைப் பயன்படுத்தியிருக்கலாம்.

இரண்டு வாரத்தில் பள்ளங்கள் தெரிந்தன. அதோடு சுவரின் நடுவில் ஒரு மேடு. பலகையின் நீளப் பக்க விளிம்புகள் இரண்டும் கொஞ்சம் சரிவாகச் சீவியிருக்கும், டேப்பும் பட்டியும் அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்துவிடும். குறுகிய பக்கத்தில் அந்தச் சரிவு கிடையாது. இரண்டு குறுகிய பக்கங்கள் சந்திக்கும் இடத்தில் டேப் வெளியே எழும்பித்தான் நிற்கும். அதை மறைக்க பட்டியை இருபக்கமும் ஒரு அடிக்கு மேல் இழுத்து மெல்லிசாக்க வேண்டும். இவர்கள் ஒரு சாண் அகலத்தில் முடித்துவிட்டார்கள். ஜன்னல் ஒளி பக்கவாட்டில் விழும் சுவர் வேறு, மேடு நிழலோடு தெரிந்தது. பிரைமர் அடிக்காமல் நேராக பெயிண்ட் ஏற்றியதால், பட்டி இருந்த இடம் ஒரு மாதிரியும் தாள் இருந்த இடம் ஒரு மாதிரியும் உறிஞ்சி, இணைப்புகள் எல்லாம் பட்டை பட்டையாகத் தெரிந்தன.

முதலில் கோபத்தில் ஃபோனில் பேசினேன், ஒன்றும் நடக்கவில்லை. பெயிண்ட் அடித்தவரைக் கேளுங்கள் என்றார், பெயிண்டர் பட்டி பார்த்தவரைக் கேளுங்கள் என்றார். பிறகு மாமா சொன்னபடி செய்தேன். ஒவ்வொரு குறைக்கும் இரண்டு படம், ஒன்று தூரத்திலிருந்து எந்தச் சுவர் என்று தெரியும்படி, ஒன்று கிட்டே டார்ச் ஒளியில் மட்டக்கோலும் அளவு நாடாவும் வைத்து. எத்தனை மி.மீ. என்று எழுத்தில். கடைசித் தவணை இன்னும் கையில் இருந்தது. “சுவர் சரியில்லை” என்று சொன்னபோது வாக்குவாதம் வந்தது, “ஜன்னலுக்கு வலப்புற இணைப்பு, 1.2 மீட்டர் கோலுக்கு 5 மி.மீ. மேடு” என்று எழுதி அனுப்பியபோது மறுநாள் ஆள் வந்தார். மேட்டையும் மோசமான இரண்டு இணைப்புகளையும் தேய்த்து, அகலமாகத் திரும்பப் பூசிக் கொடுத்தார்கள். மற்றதற்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு, பிரைமரும் பெயிண்டும் நாங்களே பார்த்துக்கொண்டோம். முழுத் திருப்தி இல்லை. ஆனால் அந்த ஆள் ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை, அவசரம்தான்.

மறுபடி ஒரு சுவர் போடுவதென்றால் எதை மாற்றிச் செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். பணத்தை வாரக்கணக்கில் தராமல் வேலையின் கட்டங்களோடு கட்டிவைப்பேன். சட்டம் முடிந்து பலகை மூடும் முன் ஒரு தடவை நானே பார்ப்பேன், ஒயர், குழாய், ஸ்டட் இடைவெளி எல்லாம் அளவு நாடாவோடு படம் எடுத்துவைப்பேன்; அந்தப் படங்கள் பிறகு ஒரு அலமாரி மாட்டும்போதுகூட உதவும். பலகை அடித்து டேப் ஒட்டும் முன் இன்னொரு தடவை, அப்போதுதான் ஸ்க்ரூ எண்ணிக்கையும் கிழிந்த தாளும் இணைப்பு எங்கே விழுந்தது என்பதும் தெரியும். பெயிண்டுக்கு முன், பிரைமர் அடித்த பிறகு, இருட்டில் டார்ச்சோடு மூன்றாவது தடவை. பிரைமர் சுவரை ஒரே நிறமாக்கிவிடுவதால் குறைகள் அப்போது நன்றாகவே தெரியும். அதோடு எந்தத் தரத்துக்கு முடிக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுவேன். பட்டி வேலைக்குத் தர நிலைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் லெவல் 0 முதல் 5 வரை, ஐரோப்பாவில் பல இடங்களில் கியூ1 முதல் கியூ4 வரை. சாதாரண சுவருக்கு லெவல் 4 போதும். பக்கவாட்டு வெளிச்சம் விழும் சுவர், மினுமினுப்பான பெயிண்ட் என்றால் லெவல் 5, அதாவது இணைப்புகளில் மட்டுமல்லாமல் முழுச் சுவருக்கும் மெல்லிய ஒரு பூச்சு. எங்கள் ஜன்னல் சுவருக்கு அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியவில்லை.

தூசியைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். பட்டியைத் தேய்த்தால் வரும் தூள் ரொம்ப மெல்லியது, கதவிடுக்கு வழியாக அடுத்த அறைக்கும் போகும், பல நாள் மிதக்கும். அதில் சிலிக்கா இருக்கலாம். துணி கட்டிக்கொண்டால் போதாது, என்95 அல்லது அதற்கு மேல் உள்ள முகமூடி வேண்டும். வாக்குவம் இணைத்த தேய்ப்பானை வாடகைக்கு எடுத்தோம், அது இல்லாத இடத்தில் ஈர ஸ்பாஞ்சால் தேய்த்தோம். வீடு 1980-களுக்கு முந்தையது என்றால் தேய்ப்பதற்கோ உடைப்பதற்கோ முன் ஒரு துண்டைப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொடுங்கள். அந்தக் காலத்துப் பட்டிக் கலவைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சேர்த்திருக்கிறார்கள், சில நாடுகளில் அதற்குப் பிறகும் பல வருடம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்ப எடுக்க முடியாது. பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கலாம். எங்கள் வீட்டில் குழந்தை இருப்பதால் முடிவு வரும்வரை இரண்டு வாரம் வேலையையே நிறுத்திவைத்தோம், நல்லவேளை எதுவும் இல்லை என்று வந்தது.

எல்லாக் குறையையும் நாங்கள் சரிசெய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் காகிதம் ஒட்டியதில் பத்துப் பன்னிரண்டை அப்படியே விட்டோம். அலமாரிக்குப் பின்னால் வரும் சுவர், கதவு திறந்தால் மறையும் மூலை, டார்ச் இல்லாமல் தெரியாத சின்ன அலைகள். சுவர்களில் ஒளியை மட்டுப்படுத்தும் மேட் பெயிண்ட் அடித்ததும் பாதி கண்ணுக்குத் தெரியாமல் போனது. ஒரு கட்டத்தில் டார்ச்சை மனைவி வாங்கி உள்ளே வைத்துவிட்டாள், அதுவும் சரிதான். பாதுகாப்புக்கும் ஈரத்துக்கும் அசைவுக்கும் சம்பந்தமில்லாத குறையை எவ்வளவு தூரம் துரத்துவது என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வேலை முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு ஈரக்காலமும் ஒரு வறண்ட காலமும் முழுசாகக் கடந்துவிட்டன. படுக்கையறைக் கதவு மூலையில் எதுவும் இல்லை, குழந்தை எவ்வளவு வேகமாகச் சாத்தினாலும். கூடத்தில் சீலிங்கும் சுவரும் சேரும் உள்மூலையில் மட்டும் வறண்ட மாதங்களில் ஒரு மெல்லிய கோடு திறந்து, ஈரக்காலம் வந்ததும் மூடிக்கொண்டது. அழுத்திப் பார்த்தேன், பலகை இரண்டு பக்கமும் அசையவில்லை. அங்கே மட்டும் பட்டிக்குப் பதிலாக, இழுத்தால் இழுபடும், மேலே பெயிண்ட் ஏறும் அக்ரிலிக் சீலன்ட்டை விட்டு விரலால் தடவிவைத்திருக்கிறேன். அதன் பக்கத்தில் பென்சிலால் சின்னதாகத் தேதியும் எழுதியிருக்கிறேன்.